பழைய நெற்களஞ்சியம் பழுதானால்: அறிகுறியிலிருந்து தொடங்கும் வழிமுறை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து களஞ்சியத்தைத் திறந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. சுவர் உதிர்கிறது, ஓடு ஒழுகுகிறது, உத்திரம் உளுத்துவிட்டது, தரை அமுங்குகிறது, உள்ளே வைத்த நெல் முடைநாற்றம் அடிக்கிறது. கேட்கும்போதே பலர் முடிவையும் சொல்லிவிடுகிறார்கள்: "இடித்துவிட்டு ஷெட் போட்டுவிடலாமா?"

பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் (பழைய நெல் அளவை) கொள்ளும் என்பார்கள். ஏறத்தாழ 400 ஆண்டு டெல்டா மழையைத் தாங்கிய அந்தக் கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நம் ஊர்களில் 70, 80 வயதுக் களஞ்சியங்கள் விழுவதற்கு வயது காரணமல்ல. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், தெரிகிற இடத்தில் சிமென்ட் பூசுவதே காரணம்.

இங்கே சொல்லப்போவது காவிரி டெல்டாவில் பரவலாகக் காணும் வகைக்கு: சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், உயர்த்திய தளம், நாட்டு ஓடோ சீமை ஓடோ வேய்ந்த கூரை அல்லது ஒட்டுத் தளம் (மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட தட்டைக் கூரை), உள்ளே பலகைத் தடுப்போ பத்தாயமோ (நெல் வைக்கும் மரப்பெட்டி). மண் உறைகளை அடுக்கிச் செய்த குதிருக்குத் தனியாகச் சில வரிகள் இடையில் வரும்.

## உள்ளே நுழையும் முன்

நெடுநாள் பூட்டியிருந்த களஞ்சியத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு இருக்கும். கதவைத் திறந்து வைத்து, தடியால் தரையைத் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காலை வையுங்கள். செருப்பு போதாது, கணுக்காலை மூடும் காலணி வேண்டும். யாராவது நெல்லுக்குப் புகைமூட்டும் மாத்திரை போட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். போட்டிருந்தால் நுழையவே கூடாது. அந்த வாயு உயிரை எடுக்கும்.

மேல்மாடத்தில் கூகை கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். அதைவிட நல்ல எலிபிடிப்பான் கிடைக்காது. குஞ்சுகள் பறந்த பிறகு அந்தப் பகுதி வேலையை வைத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், ஸ்க்ரூடிரைவர், தூக்குக்குண்டு, தச்சரின் பென்சில், சில கண்ணாடிச் சில்லுகள், ஒரு சதுர அடி பாலித்தீன், ஒட்டும் டேப், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய். முதலில் வெளியே ஒரு சுற்று, பிறகு கூரை, கடைசியில்தான் உள்சுவர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

## அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் ஈரம், உப்பு, உதிர்வு

முழங்கால் உயரத்தில் சுவரை நெருங்கிப் பாருங்கள். பூச்சு வீங்கி, விரலால் தொட்டால் பொருக்காக விழும். அதன் பின்னால் செங்கல்லின் மேல் வெள்ளை மயிரிழைபோல் உப்பு பூத்திருக்கும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் உப்பு ஏறிய உயரம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் விளிம்பில் பென்சிலால் குறி வைத்துத் தேதி எழுதுங்கள். அடுத்த கோடையில் இந்தக் குறி பேசும்.

ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஈரம் என்றால் வெளியே அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். குப்பைக்குழி, வைக்கோல் போர், விறகடுக்கு, கொட்டிய மண், மாடு கழுவும் இடம், கைப்பம்பு, இவற்றில் ஒன்று இருக்கும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்துவிட்டு ஒரு கோடை காத்திருங்கள். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சுவரில் சேற்றுப்புள்ளிகள் ஓரடி, ஒன்றரையடி உயரம் வரை தெறித்திருந்தால் அது இறவாணத்திலிருந்து, அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பிலிருந்து, விழும் மழைநீர். கூரை விளிம்பில் ஓடு உடைந்து குட்டையாகிவிட்டதா பாருங்கள். தண்ணீர் விழும் கோட்டில் ஜல்லி பரப்பினால் தெறிப்பு அடங்கும். தரை சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஈரம் என்றால் நீர்க்குழாய் மட்டத்தை எடுங்கள். ஒரு முனை களஞ்சியத்தின் உள்தரையில், மறுமுனை வெளியே. தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிய களஞ்சியத்துக்கு இன்று படியே இல்லாமல் போயிருக்கும். வெளித்தரை உள்தரைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் சுவர் ஆண்டு முழுவதும் தண்ணீர் குடிக்கிறது. சுவரை ஒட்டி மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் விட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டக் கூடாது. கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால், ஒரு மூலையில் சின்னக் குழி எடுத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

ஈரக்கோடு சிமென்ட் பூச்சுக்கு மேலே ஏறியிருந்தால் குற்றவாளி அந்தப் பூச்சுதான். இதுதான் நான் மிக அதிகம் பார்க்கும் கோளாறு. சுண்ணாம்புச் சுவர் உள்ளே வந்த ஈரத்தை முகத்தின் வழியாக வெளியே விட்டுவிடும். மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் நான்காவது அடிக்கு ஏறுகிறது. அங்கேயும் பூசினால் ஐந்தாவது அடிக்கு. சிமென்ட்டைத் தட்டிப் பாருங்கள்; வெற்று ஒலி கேட்டால் பின்னால் செங்கல் ஏற்கெனவே மாவாகிக்கொண்டிருக்கிறது.

சிமென்ட்டை உளியால் பொறுமையாக எடுங்கள். மின்சாரச் சுத்தி வேண்டாம், செங்கல்லின் முகத்தோடு பெயர்த்துவிடும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். ஒரு கோடை முழுவதும் சுவர் வெறும் முகத்தோடு காயட்டும். பார்க்க அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல் கலந்து மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். ஒரு படலம் இறுகிய பிறகே அடுத்தது. இரண்டு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நேர்வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் இந்த முதல் பூச்சும் சில ஆண்டுகளில் உதிரலாம். அது தோல்வியல்ல, உப்பைப் பூச்சு வாங்கிக்கொண்டு செங்கல்லை விட்டுவிடுகிறது. மறுபடி பூசலாம், செங்கல்லை மறுபடி செய்ய முடியாது. சுண்ணாம்பை நீங்களே நீற்றினால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கொதிக்கும் சுண்ணாம்பு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகும்.

ஈரம் சுவரிலிருந்தா காற்றிலிருந்தா என்று தெரியாவிட்டால் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். நீர்த்துளி சுவர்ப் பக்கம் இருந்தால் சுவர் ஈரம். அறைப்பக்கம் இருந்தால் காற்றோட்டக் குறை. அடைத்து வைத்த சாளரங்களைத் திறந்து வலை அடியுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மேலே சொன்ன எல்லாம் செய்து ஒரு கோடை கடந்தும் பென்சில் குறி இறங்காவிட்டால், அல்லது ஸ்க்ரூடிரைவர் செங்கல்லுக்குள் ஓரங்குலத்துக்கு மேல் தடையின்றிப் போனால். உளுத்த செங்கல்லைச் சிறுசிறு பகுதியாக எடுத்து மாற்றுவது பழகிய கொத்தனார் வேலை. சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம், வெளியே மண்ணைத் தாழ்த்தாமல் பேச்சே கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி: கூரை ஒழுகுகிறது

காற்றோடு வரும் மழையில் மட்டும் ஒழுகினால் ஓடு விலகியிருக்கிறது. குரங்கு, பூனை, தேங்காய், பக்கத்து மரக்கிளை எதுவும் காரணமாக இருக்கலாம். பகலில் உள்ளே நின்று விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் தண்ணீர் வரும் இடம். நாட்டு ஓடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடுக்கப்பட வேண்டியது. அந்த வேலையைச் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். உடைந்ததற்குப் பதிலாக, இடிக்கும் வீடுகளிலிருந்து அதே அளவுப் பழைய ஓட்டை வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

எல்லா மழையிலும் ஒரே இடத்தில் ஒழுகினால் முகட்டு ஓட்டின் காரை வெடித்திருக்கும், அல்லது இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் சருகு அடைத்திருக்கும். சருகை அள்ளிப் பார்த்த பிறகே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஒழுகவே இல்லை, ஆனால் மேல் நெல் நனைந்திருக்கிறது என்றால் மேலே தகரமா என்று பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளை அள்ளிக்கொண்டு போன ஊர்களில் அவசரத்துக்குத் தகரம் போட்டவர்கள் பலர்; அவசரம் முடிந்தும் தகரம் அங்கேயே இருக்கிறது. மார்கழிப் பனியில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. ஓட்டுக்குத் திரும்புவதே முழுத் தீர்வு. அதுவரை தகரத்துக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டி, முகட்டில் காற்று போக வழி விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஒட்டுத் தளம் ஒழுகினால் மழை நின்ற மறுநாள் மேலே ஏறுங்கள். தண்ணீர் தேங்கிய இடம் கறுத்திருக்கும். முதலில் நீர் வெளியேறும் வாயைத் திறங்கள். அடுத்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் செங்கல்லோடு வரும். அடியோடு அறுத்து, துளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் அறுத்துக் காயவிட்டு, பிறகே செங்கல் கட்டுமானத்தைத் திறந்து வேரை எடுக்க வேண்டும். தட்டோடுகளின் இணைப்பு மட்டும் பிளந்திருந்தால் சுண்ணாம்போடு செங்கல்தூள் சேர்த்து அடைக்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால் அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் சிமென்ட் கான்கிரீட் போட ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அந்தச் சுமையும் அடைபட்ட ஈரமும் சேர்ந்து கீழே இருக்கும் மரச்சட்டங்களை முடித்துவிடும்.

முகடு நூல் பிடித்தாற்போல் இல்லாமல் தொய்ந்திருந்தால் ஓட்டுக்காரர் வேலை அல்ல. கீழே மரம் போயிருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: உத்திரம், கைமரம், பத்தாயப் பலகை கெடுகிறது

முதலில் எது தின்கிறது என்று தெரிய வேண்டும். மரத்தின் மேல் மண்கோடு ஓடினால் கரையான். கீழே மாவுபோல் மெல்லிய தூளும் மரத்தில் குண்டூசித் துளைகளும் இருந்தால் உளு வண்டு. இரண்டும் இல்லாமல் மரம் கறுத்து, சதுரம் சதுரமாக வெடித்து, நகம் பட்டாலே உதிர்ந்தால் ஈரத்தால் வந்த மக்கல்.

கரையான் என்றால் மண்கோட்டைப் பின்தொடர்ந்து கீழே போங்கள். விறகடுக்கு, சுவரில் சாய்த்த தென்னை மட்டை, நிலைக்கால் மண்ணைத் தொடும் இடம், இப்படி ஏதோ ஒன்றில் முடியும். கோட்டை உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது. உளு வண்டுக்கு, தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். புதுத் தூள் விழாவிட்டால் அது பழைய சேதம். மரம் உறுதியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வெளிமரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்ல காப்பு, ஆனால் தோலைப் புண்ணாக்கும். நெல் படும் பலகைக்கு அதுவும் வேண்டாம், பழைய என்ஜின் ஆயில் அறவே வேண்டாம். வேப்பெண்ணெய் போதும்.

உத்திரத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் தெரியும். ஏணி போட்டு, அது சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். கூரை ஒழுகிச் சுவரில் இறங்கிய நீர் அந்த முனையில்தான் தங்கும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அன்றே அடியில் முட்டு கொடுத்து, நெல் இருந்தால் அப்புறப்படுத்தி, தச்சரைக் கூப்பிடுங்கள். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்வார்கள். கெட்ட முனையை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தால் ஒட்டுப்போட்டுப் போல்ட் இறுக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய தேக்கும் பலாவும் இன்று வாங்கக் கிடைக்கும் இளமரத்தைவிட உறுதியானவை. முனையைத் திரும்பச் சுவரில் வைக்கும்போது சுற்றிலும் விரலளவு காற்றிடம் விடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: சுவரில் விரிசல்

பூச்சைச் சிறிது தட்டி எடுத்துப் பாருங்கள். பின்னால் செங்கல்லில் விரிசல் இல்லையென்றால் அது பூச்சின் விரிசல், அவசரமில்லை.

செங்கல்லிலும் இருந்தால் குறுக்கே கண்ணாடிச் சில்லை வைத்து இரு முனைகளையும் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து சில்லு உடையாமல் இருந்தால் அசைவு நின்றுவிட்டது. சுண்ணாம்புக் காரையால் அடைக்கலாம். உடைந்தால் அசைகிறது. அசையும் விரிசலை அடைத்துப் பயனில்லை.

கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலுக்கு மேல்நிலை மரம் உளுத்தது காரணமாக இருக்கலாம். அதை முதலில் குத்திப் பாருங்கள். மூலையில் மேலிருந்து கீழாக ஓடி, மேலே அகன்றிருந்தால் கடைக்கால் ஒரு பக்கம் இறங்குகிறது. பக்கத்தில் புதிய வாய்க்கால், கழிவுநீர்க் குழி, பெரிய மரம் வெட்டிய இடம் எதுவும் இருக்கிறதா பாருங்கள்.

சுவர் நடுவில் வெளியே பிதுங்கியிருந்தால் இது களஞ்சியத்துக்கே உரிய ஆபத்து. கொட்டி வைத்த நெல் கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கத்துச் சுவரையும் தள்ளுகிறது. அதனால்தான் பழையவர்கள் உள்ளே பலகைத் தடுப்பு வைத்தார்கள், சுவரைத் தடித்துக் கட்டினார்கள். இடம் வேண்டுமென்று தடுப்பைக் கழற்றிவிட்டு அதே உயரத்துக்கு நெல்லைக் கொட்டினால் சுவர் பிதுங்கும். தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். நடுவில் ஓரங்குலத்துக்கு மேல் பிதுக்கம் தெரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: நெல்லை மேலிருந்து, எல்லாப் பக்கமும் சமமாகக் குறையும்படி, ஆள் கொண்டு அள்ளுங்கள். அடிவாயைத் திறந்து ஒரு பக்கமாக வடியவிட வேண்டாம். பிதுங்கிய பக்கம் யாரையும் நடமாட விடாதீர்கள். அதற்கு மேல் கட்டமைப்புப் பொறியாளர் வேலை. பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் பழக்கம் உள்ளவராகத் தேடுங்கள். கான்கிரீட் மட்டுமே தெரிந்தவர் இடிக்கத்தான் சொல்வார்.

மண் குதிரில் விரிசல் என்றால் கதை எளிது. உறைகளின் இணைப்பில் வந்த விரிசலைக் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் பிசைந்து அடைத்து நிழலில் காயவிட்டால் போதும். அடி உறை ஈரமாகிக் குழைந்திருந்தால் மட்டும் மேல் உறைகளை இறக்கிவிட்டு அதை மாற்ற வேண்டும். ஈரத்தோடு மேலே மெழுகினால் ஒருநாள் நெல்லோடு சரியும்.

## அறிகுறி: தரை அமுங்குகிறது, கால் வைத்தால் வெற்று ஒலி

பெருச்சாளிதான். வெளியே கடைக்காலை ஒட்டிப் புதுமண் குவியல் இருக்கும். வளையைச் சும்மா அடைத்தால் அடுத்த இடத்தில் தோண்டும். முதலில் சிந்திய நெல்லைக் கூட்டி, புதரை வெட்டி வெறுந்தரையாக்குங்கள். மறைவில்லாத இடத்தில் அது தங்காது. பிறகு வளைக்குள் உடைத்த செங்கல்லும் கண்ணாடித் துண்டும் திணித்து, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு இடியுங்கள். பத்தாயத்தின் கால்களுக்குக் கவிழ்த்த தகரப் புனல் மாட்டினால் எலி ஏறாது.

தரை அமுங்கிய இடத்துக்கு அருகில் சுவரிலும் விரிசல் இருந்தால் வளை கடைக்காலுக்கு அடியில் போய்விட்டது. பொறியாளர் வராமல் தோண்ட வேண்டாம்.

## அறிகுறி: நெல் சூடாகிறது, நாற்றம், பூச்சி

கட்டடத்தைக் குறை சொல்லும் முன் நெல்லைச் சோதியுங்கள். நன்றாகக் காய வைத்த உப்பையும் ஒரு பிடி நெல்லையும் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கி, கால்மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் நெல்லின் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி காய வைக்காமல் எந்தக் களஞ்சியமும் அதைக் காப்பாற்றாது. சில மாதங்களுக்கு 14 சதவீதம், அடுத்த ஆண்டு வரை வைக்க 13-க்குக் கீழ், விதைநெல்லுக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல் உலர்ந்திருந்தும் சுவரோரம் மட்டும் கட்டிப்பட்டிருந்தால் சுவரில் ஈரம். முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். மேல்பரப்பில் மட்டும் என்றால் கூரை. நடுவில் சூடு என்றால் பூச்சி. அந்துப்பூச்சி கண்ணுக்குத் தெரியும். வண்டு உள்ளே மறைந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழல் பொறியை நெல்லில் செருகி வைத்தால் வண்டு அதில் விழுந்து காட்டிக்கொடுக்கும். புகைமூட்டும் மாத்திரையை நீங்களே போடாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியது அது, அதிலும் வீட்டோடு ஒட்டிய களஞ்சியத்தில் கூடவே கூடாது.

## அனுமதியும் ஆளும்

களஞ்சியம் கோயிலுக்குச் சொந்தமென்றால் இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லையும் அசைக்க வேண்டாம். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னமென்றால் பழுதைத் தெரிவிப்பது மட்டுமே உங்கள் வேலை. சொந்தக் களஞ்சியத்துக்கு ஆலோசனை வேண்டுமானால் பழங்கட்டடங்களையும் மரபுச் சின்னங்களையும் பாதுகாக்க 1984 முதல் இயங்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் அருகிலுள்ள கிளையைக் கேளுங்கள்.

கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது கூலியை விசாரிக்கும் முன், சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பார், பூசிய பிறகு எத்தனை நாள் நனைப்பார் என்று கேளுங்கள். "கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்று சொல்பவருக்கு வெளிமதில் வேலையைக் கொடுங்கள். களஞ்சியத்துக்கு, ஊறவைத்து நனைக்கப் பொறுமை உள்ளவர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். கிடைத்ததும் அதிக மழை படும் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி பூசச் சொல்லி, ஒரு ஐப்பசியைக் கடக்க விட்டு, மீதிச் சுவரை அடுத்த கோடையில் அவரிடமே ஒப்படையுங்கள்.